இரண்டு மணி நேரத்து வீக்கம்

எலியின் காதை அளப்பதில் கொர்னேலியாவுக்கு இணையான ஆள் போலந்தின் கிராக்கோ நகரில் இல்லை என்று அந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அவளாக அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. யாராவது சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில், நோய் எதிர்ப்பு ஆய்வுத் துறையின் கீழ்த்தளம் முழுக்க எலி அறைகள். அங்கே பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. எலியின் வயிற்றில் ஒரு பொத்தான் அளவுக்கு மயிரை மழித்து, மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு ரசாயனத்தை இரண்டு சொட்டுப் பூசுவாள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாலு நாள் கழித்து அதே மஞ்சளைக் காதில் பூசினால், மறுநாள் காலையில் காது சிவந்து தடித்திருக்கும். முதல் தடவை உடம்பு அந்தப் பொருளைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. இரண்டாம் தடவை வந்தால் சும்மா விடுவதில்லை. சாயம் பட்டுக் கை வெடிக்கிற முடி அலங்காரக் கடைப் பெண்ணுக்கும், மலிவான கம்மல் போட்டுக் காது புண்ணாகிற பெண்ணுக்கும் நடப்பது இதேதான். காது எவ்வளவு தடித்தது என்று கொர்னேலியா அளந்து எழுதிய எண்களின்மேல்தான் அந்தத் துறையின் கட்டுரைகள் எல்லாம் நின்றன.

அளப்பது மைக்ரோமீட்டரால். இடது கையில் எலியின் பிடரியைப் பிடித்து, வலது கையால் கருவியின் தாடையைக் காதின்மேல் மூடி, முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு நூறு கோடு. எலி துடிக்கும், முதல் தடவை வரும் எண்ணை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு காதையும் மூன்று தடவை அளப்பாள். மூன்றாவதைத்தான் எழுதுவாள். எந்த எலிக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று தனக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். "தெரிஞ்சா கை பொய் சொல்லும்" என்பாள்.

அந்தக் கையால்தான் செவெரினுக்கு அடி விழுந்தது.

செவெரின் முப்பத்திநாலு வயது ஆய்வாளன். பெல்ஜியத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் பாதி தின்ற வளைய ரொட்டி இருக்கும். மறுநாள் வரும் பெரிய வீக்கத்துக்கு முன்னால், பூசிய இரண்டு மணி நேரத்திலேயே ஒரு சின்ன வீக்கம் வந்து போகிறது என்று வெளிநாட்டில் சிலர் எழுதியிருந்தார்கள். அவன் அதை நம்பினான். அந்தச் சின்ன வீக்கத்தை உண்டாக்குவது எந்த செல் என்பதிலும் அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. துறைத் தலைவர் பேராசிரியர் ரோசாலியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "முதல்ல அந்த வீக்கத்தை இந்தக் கட்டடத்துல காட்டு. அப்புறம் யார் செஞ்சாங்கன்னு தேடலாம்."

செவெரின் ஒவ்வொரு காதையும் ஒரே தடவை அளந்தான்; மூன்று கோடு, நாலு கோடு கூடுதலாக வந்தது. அதே எலிகளைக் கொர்னேலியா அளந்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி செய்தார்கள். மறுபடியும் அவனுக்கு இருந்தது, அவளுக்கு இல்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில், பதினைந்து பேர் முன்னால், ரோசாலியா கேட்டார்: "பானி கொர்னேலியா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" அங்கே எல்லோரும் அவளை மரியாதையாகப் பானி போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"டாக்டர் செவெரினுக்குக் கை ரொம்ப லேசு" என்றாள் கொர்னேலியா. "முழுசா மூடறதுக்குள்ள முள்ளைப் படிச்சிடறார். பஞ்சுமிட்டாயைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். செவெரினும் சிரித்தான். அத்தோடு அந்த வேலை அலமாரிக்குப் போயிற்று. அவன் வேறு வேலையை எடுத்துக்கொண்டான். அவள்மேல் அவனுக்குக் கோபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் காப்பி போடும்போது வழக்கம்போல அவளுக்கும் ஒரு கோப்பை போட்டுக் கீழே கொண்டுவந்து வைத்தான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள், கையுறையைக் கழற்றும்போது இடது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கறை இருப்பதைப் பார்த்தாள். கையுறையில் எங்கோ ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கறை இரண்டு நாளில் போயிற்று. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளும் மறந்துபோனாள்.

மூன்று வாரம் கழித்து, குப்பியின் வெளிப்பக்கம் வழிந்து காய்ந்திருந்ததைக் கவனிக்காமல் அதே மணிக்கட்டை அதில் உரசிவிட்டாள். காலை பத்து மணி இருக்கும். உடனே கழுவினாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கிளம்பும்போது கைக்கடிகாரத்துக்குக் கீழே அரித்தது. கொசு கடித்தாற்போல் லேசாக வெளுத்த தடிப்பு. கடிகாரப் பட்டை இறுக்கம் என்று நினைத்து அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் தடிப்பு இல்லை.

மறுநாள் காலையில் எழுந்தபோது மணிக்கட்டு சிவந்து இறுகிக் கிடந்தது. சின்னச் சின்னக் கொப்புளங்கள். கொர்னேலியா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் பார்த்த சிவப்பு.

சமையலறையில் அவள் கணவன் ஃபெலிக்ஸ் புளித்த மாவுக் கஞ்சியில் முட்டையை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். எட்டாம் நம்பர் டிராம் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு மத்தியானம்தான் வேலை.

"ஃபெலிக்ஸ், இதைப் பாரு. நான் எலியாயிட்டேன்."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். "இத்தனை வருஷமா அதுங்க காதைத் திருகினே. ஒருநாள் திருப்பிக் குடுக்காதா? வால் எதுவும் முளைக்கலையே?"

"வலிக்குதுடா, சிரிக்காதே."

"சரி சரி, உக்காரு. இப்ப என்ன ஆச்சு உனக்கு? விஷமா அது?"

"விஷம் இல்ல. அந்த மஞ்சள் சும்மா ஒரு பொடிதான். என் உடம்புதான் சண்டை போடுது." அவள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள். "தோலுக்குள்ள காவலுக்கு நிக்கிற செல்லுங்க இருக்கு. போன மாசம் கையில மஞ்சள் பட்டுதுல்ல, அன்னிக்கே அதுங்க அதைப் பிடிச்சுத் தூக்கிட்டு அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கும். அங்க டி செல்லுங்க இருக்கும். அதுங்ககிட்ட காட்டும், இந்தா, இவன்தான், முகத்தை ஞாபகம் வச்சுக்கோன்னு. அதுங்க ஒண்ணு நூறாகி, நூறு லட்சமாகி, ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும்."

"மூணு வாரமா?"

"மூணு வருஷம்கூட. நேத்து மறுபடி பட்டுது. எல்லாம் மணிக்கட்டுக்கு ஓடி வந்துடுச்சு."

ஃபெலிக்ஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தான். "ரத்தக் குழாய்க்குள்ள சுத்துதுன்னு சொல்றே. குழாய் மூடித்தானே இருக்கும்? எப்படி வெளிய வருது? என் டிராம்ல நான் கதவைத் திறக்காம எவனும் இறங்க முடியாது."

அது செவெரின் கேட்ட கேள்வி. அதே கேள்வி. யாரோ முதலில் வந்து குழாய்ச் சுவரைத் தளர்த்த வேண்டும், அப்போது ரத்தத்தின் நீர் கொஞ்சம் தோலுக்குள் கசியும், அந்தக் கசிவுதான் இரண்டு மணி நேரத்து வீக்கம், அந்த வழியாகத்தான் டி செல்கள் பின்னால் வருகின்றன என்று அவன் வெள்ளைப் பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தான்.

பத்து மணிக்கு உரசியது. பன்னிரண்டுக்கு அரிப்பு. சாயங்காலம் காணோம்.

"என்னாச்சு, கஞ்சி ஆறுது" என்றான் ஃபெலிக்ஸ்.

"நேத்து மத்தியானம் ஒண்ணு வந்துட்டுப் போச்சு" என்றாள் கொர்னேலியா. "நான் கடிகாரத்தைத் திட்டினேன்."

அன்று டிராமில் போகும்போது அந்த வியாழக்கிழமைக் கூட்டமே அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. தோல் எரிவதைவிட அது மோசமாக இருந்தது. அவள் கண்டுபிடிக்காத ஒன்றை ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான். பதினைந்து பேர் முன்னால் பஞ்சுமிட்டாய் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். அவன் சொன்னது தப்பு என்று அவள் நிரூபிக்கவில்லை. தன் பெயரை மட்டும் வைத்து அவனை உட்கார வைத்தாள். இன்னொரு பக்கம் மனசு முரண்டு பிடித்தது. நாற்பது எலிகளை அளந்தேனே, ஒவ்வொன்றையும் மூன்று தடவை, அதில் எதுவும் இல்லையே, அது மட்டும் எப்படிப் பொய்யாகும்?

செவெரின் மேல்தளத்தில் கணினி முன்னால் இருந்தான். மணிக்கட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"ஐயோ, பானி கொர்னேலியா! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க டாக்டர்." அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பத்து மணி, பன்னிரண்டு மணி, சாயங்காலம், காலை. கடைசியில், "அன்னிக்குக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் காது சிவந்தது. "விடுங்க. உங்க எண்ணுல இல்லைன்னா இல்லைன்னுதான் நானும் நினைச்சேன். உண்மையைச் சொல்லட்டுமா? வீட்டுக்குப் போய் என் விரலைத்தான் திட்டினேன்."

"உங்க விரலை இனி யாரும் திட்ட வேண்டாம். வாங்க, ப்ரொஃபசர்கிட்ட போவோம்."

ரோசாலியா அறுபதைத் தாண்டியவர். குட்டையாக வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுகிற மாதிரிப் பெரிய சட்டை. இருவரும் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மணிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"முதல் வேலை தோல் டாக்டர். இரண்டாவது வேலை, இன்னியிலேருந்து நீங்க அந்தக் குப்பி இருக்கிற அறைக்குள்ள போகக் கூடாது. மூணாவது..." சற்று நிறுத்தினார். "அந்த மத்தியானத் தடிப்பு கொசுவா இருக்கலாம்."

"மார்ச் மாசக் குளிர்லயா ப்ரொஃபசர்?" என்றாள் கொர்னேலியா.

தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். புண் ஆறிய பிறகு வந்தால் அந்தப் பொருளையே மிக மிக மெல்லிசாகக் கரைத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்து உறுதிசெய்வோம், ஆனால் சந்தேகம் ஒன்றும் இல்லை, இனி வாழ்நாள் முழுக்க இது இருக்கும் என்றார். "உங்க உடம்பு மறக்காதும்மா." சோதனைக்கு நாள் குறித்ததும் கொர்னேலியா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். இரண்டு கையிலும் சொட்டு வைக்க வேண்டும், ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் கரைப்பான், எது எதில் என்று நர்ஸுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். டாக்டருக்கு அவள் வேலை தெரியும். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

செவெரினிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, "நீங்க வந்து அளங்க" என்றாள்.

"நான் அளந்தா ப்ரொஃபசர் நம்ப மாட்டாங்க. நீங்களே அளந்துக்கிட்டா யாரும் நம்ப மாட்டாங்க."

"அப்போ?"

அப்போதுதான் வாசலில் நின்றிருந்த ரோசாலியா, "நானே வர்றேன்" என்றார்.

தோல் பிரிவில் நர்ஸ் டொமினிகா வாட்டசாட்டமான பெண், வாயில் எப்போதும் புதினா மிட்டாய். பேராசிரியர் ஒருவர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இவங்க யாரு, உங்க அக்காவா?" என்று கொர்னேலியாவிடம் கேட்டாள்.

"எங்க துறைத் தலைவர்."

"தலைவரே வந்திருக்காங்களா? எங்க தலைவர் எனக்குக் காய்ச்சல்னா போன்கூட பண்ண மாட்டார்."

சொட்டு வைப்பதற்கு முன்னால் ரோசாலியா இரண்டு முன்கையிலும் தோலை மடித்து அளந்தார். பதினைந்து வருஷமாக அவர் கருவியைத் தொட்டதில்லை. தாடை ஒரு தடவை நழுவியது.

"முழங்கையை மேஜைமேல ஊன்றிக்கோங்க ப்ரொஃபசர். மூச்சை விட்டுட்டு மூடுங்க. அவசரப்படாதீங்க, நான் எலி மாதிரி ஓட மாட்டேன்."

"கடிக்கவும் மாட்டீங்களே?"

"இப்போதைக்கு இல்ல."

இடது கை இருநூற்றைம்பது கோடு, வலது கை இருநூற்று ஐம்பத்தொன்று. டொமினிகா அவர்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுச் சொட்டு வைத்தாள். பிறகு இரண்டு மணி நேரம். ரோசாலியா ஒரு ஆய்வு மாணவியின் கட்டுரையைத் திருத்தினார். கொர்னேலியா ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பூ விட ஆரம்பித்திருந்த மரத்தைப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரத்தில் இடது கை அரிக்க ஆரம்பித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அளக்கிற கை பொய் சொல்லும். கையைச் சொறியாமல் இருப்பதற்காக பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நேரம் வந்தது. ரோசாலியா வலது கையை அளந்தார். இருநூற்று ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று. பிறகு இடது கை.

"இருநூற்று எழுபத்தொன்று" என்று வாசித்தார். கொர்னேலியா போட்ட சட்டப்படியே மறுபடி மூடினார். "அறுபத்திமூணு." மறுபடி. "ஐம்பத்தியெட்டு." தலையை ஆட்டினார். "நிக்க மாட்டேங்குது. என் கை இன்னும் பழகல. கடைசி எண்ணை எழுதிக்கிறேன்."

"நிறுத்துங்க!" என்றாள் கொர்னேலியா. தாழ்வாரத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவியின் தாடை பட்ட இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். மாவில் விரல் வைத்தால் விழுகிற மாதிரி. முதல் தடவை தாடை மூடியபோது தோலுக்குள் ஏதோ விலகி ஓடியதை அவள் உணர்ந்திருந்தாள். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம். அளக்கிறவருக்கு அது தெரியாது. அளக்கப்படுகிற தோலுக்குத்தான் தெரியும்.

"உங்க கையில தப்பில்ல ப்ரொஃபசர். இது தண்ணி. வெறும் தண்ணி. அழுத்தினா ஒதுங்கிடுது. நீங்க ஒவ்வொரு தடவை மூடும்போதும் வீக்கத்தைப் பிழிஞ்சு வெளிய தள்றீங்க."

ரோசாலியா கருவியைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"மூணாவது எண்ணைத்தான் எழுதுவேன்னு இத்தனை வருஷமா பிடிவாதம் பிடிச்சவ நான்" என்றாள் கொர்னேலியா. "அந்த நாற்பது எலிக்கும் வீக்கம் இருந்திருக்கு. நானே நசுக்கிட்டு, இல்லைன்னு எழுதியிருக்கேன். செவெரின் ஒரே தடவை, லேசா அளந்தார். அதான் அவருக்குக் கிடைச்சுது."

பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். பள்ளம் மெல்ல நிரம்பியது. ரோசாலியா மூச்சை விட்டு, தாடையை ஒரே ஒரு தடவை, பட்டும் படாமலும் மூடினார்.

"இருநூற்று எழுபது."

டொமினிகா சீட்டைப் பிரித்துக் காட்டினாள். இடதுதான் மருந்து.

சாயங்காலம் தடிப்பு அடங்கியது. மறுநாள் அதே கை சிவந்து, முந்நூற்று முப்பதைத் தாண்டி நின்றது. எத்தனை தடவை மூடினாலும் அசையவில்லை; அது வெறும் தண்ணீர் இல்லை, செல்கள் வந்து இறங்கிய வீக்கம். அந்த எண்ணைப் பார்த்தபோது கொர்னேலியா கண்ணை மூடிக்கொண்டாள். முந்தின நாளிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்த பயம் ஒன்று உண்டு: அவள் எழுதிய மற்ற எண்கள் எல்லாம் என்ன ஆகும்? மறுநாள் வீக்கத்துக்கு அவள் முறை சரிதான். பத்தொன்பது வருஷமும் பத்திரமாக இருந்தது.

"ஒரு கொர்னேலியா ஒரு கொர்னேலியாதான்" என்றார் ரோசாலியா, மேலங்கியை மாட்டிக்கொண்டே. "ஒரே ஆளை வச்சுக் கட்டுரை எழுத முடியாது. எலி வேணும். எத்தனை வேணும்னு செவெரின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மஞ்சள் இனி அவளுக்கு ஆகாது. அதனால் வேறொரு ரசாயனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கும் மஞ்சளுக்கும் உறவில்லை, அதை அவள் உடம்பு அறியாது. இரண்டு கையுறை, முழங்கை வரை உறை. பூசுவது முழுக்க செவெரின். அளப்பது கொர்னேலியா. முதல் வாரம் அவள் வெறும் எலிகளை வைத்துப் பழகினாள். ஒரே தடவை. லேசாக. பழைய கை கேட்கவில்லை, மறுபடி மறுபடி மூடப் பார்த்தது.

"பஞ்சுமிட்டாயை நினைச்சுக்கோங்க" என்றான் செவெரின், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

"போதும் டாக்டர். அதை என் கல்லறையில எழுதி வைப்பீங்க போலிருக்கு."

இரண்டு மணி நேர வீக்கம் கீழ்த்தளத்து எலிகளிடம் வந்தது. மூன்று கோடு, மூன்றரை, நாலு. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. அதன் பிறகுதான் செவெரினின் உண்மையான கேள்வி: குழாய்ச் சுவரைத் தளர்த்த முதலில் வருவது பி செல்லா, அதாவது எதிர்ப்புப் பொருளைச் சுரக்கிற செல்லா? பி செல் என்ற வகையே இல்லாமல் பிறக்கும் எலிகள் உண்டு; அவற்றைத் தருவித்துப் பெருக்கவே பல மாதம் ஆயிற்று. அவற்றின் டி செல்களுக்குக் குறை இல்லை. அவற்றை ஒரு கூட்டமாக வைத்தான். இன்னொரு கூட்டத்தில் அதே மாதிரி எலிகளுக்கு, சாதாரண எலி ஒன்றின் வயிற்றில் மருந்து பூசிய மறுநாளே அதன் வயிற்றுக்குள்ளிருந்து கழுவி எடுத்த பி செல்களை ஏற்றினான். மூன்றாவது கூட்டம் சாதாரண எலிகள். கூண்டுகளுக்கு எழுத்துகளை மட்டும் ஒட்டி, எந்த எழுத்து எது என்று எழுதிய உறையை ரோசாலியாவின் மேஜைக்குள் பூட்டினார்கள். கொர்னேலியா இரண்டு நாள் அளந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. அவளும் யாரிடமும் பேசவில்லை.

உறையைத் திறந்தது அடுத்த வருஷம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. அன்று அவள் பெயர்நாள், அவள் பெயர்கொண்ட புனிதரின் நாள்; அங்கே பிறந்தநாள்போலக் கொண்டாடும் அதை ஒருவரும் மறக்கவில்லை. மேஜையில் கசகசா உருட்டு கேக், துலிப் பூக்கள், டொமினிகா அனுப்பிய ஒரு டப்பா புதினா மிட்டாய்.

ரோசாலியா எண்களை வாசித்தார், செவெரின் பலகையில் எழுதினான். பி எழுத்துக் கூண்டுக்கு இரண்டு மணி நேரத்தில் பூஜ்யம். மறுநாளும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மற்ற இரண்டு கூண்டுக்கும் இரண்டு மணி நேரத்தில் சின்ன வீக்கம், மறுநாள் பெரிய வீக்கம்.

"உறையைப் பிரிங்க" என்றான் செவெரின்.

பி கூண்டுதான் பி செல் இல்லாத எலிகள். எழுத்து தற்செயலாக அமைந்தது. சீட்டுக் குலுக்கியது ரோசாலியா. கழுவி எடுத்த செல்களை ஏற்றிய கூண்டில் இரண்டு வீக்கமும் திரும்பி வந்திருந்தன.

ரோசாலியா கேக்கை வெட்டத் தொடங்கினார். வெட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "டி செல் எல்லாத்தையும் செய்யுதுன்னு முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். அந்த எலிக்கு டி செல் முழுசா இருக்கு. பழகியும் இருக்கு. காதுக்குள்ள போகத்தான் வழியில்ல." முதல் துண்டைக் கொர்னேலியாவுக்குக் கொடுத்தார், இரண்டாவதைச் செவெரினுக்கு. "போன வருஷமே இதைச் செஞ்சிருக்கலாம். நான் ஒருத்தர் சொல்லை மட்டும் கேட்டேன்."

"அந்த ஒருத்தர் நான்தான்" என்றாள் கொர்னேலியா, வாயில் கேக்கோடு.

"தெரியும். அதனாலதான் கசகசா பக்கம் பெரிய துண்டா குடுத்தேன். வாயை அடைக்க."

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை கொர்னேலியாதான் முதலில் சிரித்தாள்.

கட்டுரை எழுத ஆறு மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் செவெரின் கட்டுரையின் கடைசிப் பிரதியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தான். பெயர்களில் இரண்டாவதாக அவள் பெயர் இருந்தது. முறைகள் என்ற பகுதியில், ஆரம்ப வீக்கத்தை ஒரே தடவை, அழுத்தாமல் அளக்க வேண்டும், திரும்ப அளந்தால் நீர் ஒதுங்கிவிடும் என்று இரண்டு வரி இருந்தது. அதை அவள் மூன்று தடவை படித்தாள். அதில் அவளுக்கு ஒரு திருத்தம் இருந்தது.

"'அழுத்தாமல்'னு போட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி புரிஞ்சுக்குவாங்க டாக்டர். ஸ்பிரிங்கை எத்தனாவது திருகுல வைக்கணும்னு எழுதுங்க. இல்லேன்னா எவனாவது மூணு தடவை அளந்துட்டு நம்மைப் பொய்யங்கன்னு சொல்லுவான்."

"சொல்ல வேற ஆள் வேணுமா" என்றான் செவெரின். எழுதிக்கொண்டான்.

அன்று மாலை எட்டாம் நம்பர் டிராமில் ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். மழை பெய்து நின்றிருந்தது. ஃபெலிக்ஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். ஓட்டும்போது பயணிகளோடு பேசக் கூடாது. அவள் காகிதத்தைத் தூக்கி, தன் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி முடித்த பிறகும் கதவு இன்னும் சற்று நேரம் திறந்தே இருந்தது. அவன் திரும்பி, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னான்: "என் பெண்டாட்டி பேரு அச்சுல வந்திருக்கு!"

ஒரு கிழவர் கைதட்டினார். கொர்னேலியா வெட்கத்தில் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணில் வந்த நீரில் அது நனைந்துவிடப் போகிறதே என்று அவசரமாக எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்தாள்.